தோலில் மாட்டிய பூச்சி

அன்றைக்குக் கொட்டகைக்குள் இருந்தவர்கள்: முதலாளி வேதாச்சலம். பெங்களூரிலிருந்து வந்த ஏஜெண்ட் கோகுலகிருஷ்ணன், முந்தின நாள் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் காயாமல் வந்திருந்தவர். சரக்கு பார்த்து அனுப்பும் ஷோபா. மாதிரி கட்டிய குணா. கட்டுகிற பெண்கள் ஒரு வரிசை. அதில் பேசுகிறவள் ஜெயம்மா ஒருத்திதான், மற்றவர்கள் சிரிப்பார்கள். மேஜைமேல் தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியில் மீன் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் சோறு போடுகிற அந்த மீனைக் கண்ணால் பார்த்தவர் கோகுலகிருஷ்ணன் மட்டும்தான்.

வடமாலபேட்டையில் சென்னை ரோட்டை ஒட்டி, மூடிப்போன ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கொட்டகை. அங்கே செய்வது தூண்டில் பூச்சி. நகக்கண் அளவு முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றி, ஆற்றில் மிதக்கிற பூச்சியைப் போலவே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே குளிர்ந்த ஆறுகளில் டிரவுட் என்று ஒரு மீன். ஊட்டி மலை ஓடைகளில்கூட வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது உண்டாம். புழு மாட்டி அதைப் பிடிப்பது கேவலம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பூச்சியை வாங்குகிறார்கள். கழுத்து இறகு சித்தூர்க் கோழிக்கடைகளிலிருந்து மூட்டையாக வரும். கட்டுகிற கைகள் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்.

அந்தக் கைகள் அதுவரை பூக்கட்டின கைகள். நூலைப் பிடிக்கத் தெரிந்த விரலுக்கு இறகைப் பிடிக்கத் தெரியும் என்பது வேதாச்சலத்தின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் விரலோடு பூக்கடைச் சட்டமும் கூடவே வந்துவிட்டது. பூக்கடையில் இரண்டு சட்டம். ஒன்று, நார் வெளியே தெரியக் கூடாது. நெருக்கமாகக் கட்டாதவள் ஏமாற்றுக்காரி. இரண்டாவது, மாலை கடையை விட்டுப் போகுமுன் பக்கத்தில் இருப்பவள் அதை ஒரு பார்வை பார்ப்பாள். பூ தொங்கினால் தூக்கிவிடுவாள். வாடியிருந்தால் கிள்ளிப் போட்டுவிட்டு வேறு செருகுவாள். செய்ததை வெளியே சொல்ல மாட்டாள். சொன்னால் கட்டினவளுக்கு அவமானம்.

முதல் சட்டத்தால் ஒரு முழு லோடு திரும்பி வந்தது. பெண்கள் இறகை நெருக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு பூச்சியையும் சாமந்திப் பூ மாதிரி கட்டி அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்து நல்லது என்று அனுப்பியவள் ஷோபா. வேதாச்சலம் கத்துகிற ஆள் இல்லை. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா அந்த மேஜை ஒனக்கு இல்லம்மா" என்றார், அவ்வளவுதான். அதன்பிறகு எல்லோரும் இறகைக் குறைத்தார்கள். இரண்டாவது சட்டத்தைப் பற்றி யாருக்கும் யோசனை போகவில்லை.

அந்தக் கொட்டகைக்கென்று ஒரு சட்டமும் உண்டு. கதவு. லாரி போனால் ரோட்டுக் காற்று நேரே உள்ளே வரும், ஒரு நாள் வேலை இறகாகக் கூரைக்குப் பறந்துவிடும். தாழ்ப்பாள் பிடிமானம் போய்விட்டதால் உள்ளேயிருந்து சாவி போட்டுப் பூட்டினால்தான் கதவு நிற்கும். சரக்கு பார்க்கிறவருடைய மேஜை கதவோரம். அதனால் யார் வந்தாலும் போனாலும் எழுந்து பூட்டுவது அந்த மேஜைக்காரரின் வேலை. ஷோபா அந்தச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துப் போட்டிருந்தாள்.

குணா பூக்கடையிலிருந்து வந்தவன் இல்லை. நகரி பக்கத்து விவசாயக் குடும்பம். ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். பகலில் தூக்கம் வரவில்லை, ராத்திரியில் விழிப்பு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் கம்பெனி வேன் இறக்கிவிட்ட இடத்திலேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போக எந்தப் பக்கம் ரோட்டைத் தாண்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஊரில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர். அவன் நைனா முனுசாமிக்கும் வேறு பேர் தெரியாது.

கொட்டகையில் அவனுக்குத் துண்டுக் கூலிதான், கட்டின பூச்சிக்கு மட்டும் காசு. ஆனால் பகல் வேலை. வெளிச்சத்தில் உட்கார்ந்து, இருட்டினால் தூங்கினான். முகத்தில் ரத்தம் வந்தது. நைனாவுக்கு அது கணக்கில் வரவில்லை. செல்போன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற காண்ட்ராக்டரிடம் பேசி முடித்துவிட்டார். "திங்கக்கெழம வேன் வரும். ஏறிக்கோ. இல்ல அந்தக் கோழிமசுரு வேலைல மாசச் சம்பளம்னு ஒரு காயிதம் வாங்கினு வா, நான் வாயத் தொறக்கல."

காகிதம் கிடைக்க ஒரே வழி, இந்தப் புது ஆர்டர். மாதிரி பிடித்திருந்தால் குணாவுக்கு மாதச் சம்பளம் என்று வேதாச்சலம் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் இருக்கிற வேலைக்குப் பெண்களே போதும்.

அந்த ஆர்டரைக் கோகுலகிருஷ்ணன் போன மாதம் வீடியோ காலில் விளக்கினார். வேதாச்சலம் குணாவை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேஃப்ளை என்று ஒரு பூச்சி. ஒரு வருஷத்துக்குக் கிட்டே ஆற்றடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். ஒரு நாள் கூட்டம் கூட்டமாக மேலே வரும். தண்ணீரின் மேல்மட்டத்தில் தோலைக் கிழித்து வெளியே வந்து, சிறகை நிமிர்த்திக் காயவைத்துக்கொண்டு மிதக்கும், பறந்துவிடும். கொஞ்ச நாழி வாழ்ந்துவிட்டு, முட்டையிட்டு, சிறகை விரித்துச் செத்துத் தண்ணீரில் விழும். மீன் பிடிக்கிறவன் கரையில் நின்று பார்க்க வேண்டியது, மீன் இப்போது எதைத் தின்கிறது என்பதை. அளவு பார்க்கணும், எந்த நிலை என்று பார்க்கணும், நிறம் அப்புறம்தான். ஆறு முழுக்கப் பூச்சி மிதக்கும்போது நீ தப்பான நிலையைப் போட்டால் மீன் மூக்கால்கூடத் தொடாது.

நிமிர்ந்து மிதப்பதைக் கொட்டகையில் 'நிக்கறது' என்பார்கள். செத்து விழுந்தது 'படுத்தது'. இரண்டும் ஏற்கெனவே கட்டுகிறார்கள். ஏஜெண்ட் கேட்டது மூன்றாவது. தோலைக் கிழித்துப் பாதி வெளியே வந்து, மீதி வர முடியாமல் போனது. ஒரு சிறகு மேலே, ஒரு சிறகு ஈரத்தில், பின்னால் பழைய தோல் இழுபடும். பெரிய டிரவுட் அதைத்தான் தேடித் தின்கிறதாம். நிற்கிறது எந்த நிமிஷமும் பறந்துவிடும். இது எங்கேயும் போகாது.

குணா அதற்கு 'மாட்டினது' என்று பேர் வைத்தான். அதில் அவனுக்குத் தன் கதை எதுவும் தெரியவில்லை. யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவனுக்கு அது ஒரு கணக்கு: இழுபடுகிற தோலை எதில் செய்வது. நாட்கணக்கில் தேடினான். நகரி விசைத்தறிகளில் கழித்துப் போடுகிற பழுப்பு நைலான் நூலைப் பிரித்துப் பார்த்தான். தண்ணீரில் போட்டதும் அது மெல்லிசாக விரிந்து, காலியான தோல் போலவே தொங்கியது. அதை அவன் யாருக்கும் காட்டவில்லை. சாப்பிட எழுந்தால், முள்ளைக் கடித்துப் பிடிக்கிற வைஸின்மேல் கர்ச்சீப் போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்தான். பெண்கள் ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாள் வரிசை முழுக்க அதையே கட்டும். அப்புறம் இவன் எதற்கு?

முந்தின நாள் சாயங்காலம் ஆறு மாதிரிகளை ஒரு டப்பாவில் போட்டு ஷோபாவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

கோகுலகிருஷ்ணன் வந்ததும் வரிசைக்கு லட்டைப் பிட்டுக் கொடுத்தார்.

"சார் மொட்ட அடிச்சதும் சின்ன வயசாயிட்டாரு" என்றாள் ஜெயம்மா. "சார், நீங்களே மீனு புடிப்பீங்களாமே. கொழம்பு வப்பாங்களா, வறுப்பாங்களா?"

"நான் சைவம்மா. பிடிச்சதும் திரும்பத் தண்ணியில விட்டுடுவேன்."

"அப்ப எதுக்கு சார் புடிக்கறது?"

"அது எந்தப் பூச்சிக்கு வரும்னு நான் சரியாச் சொல்றேனா, இல்லையான்னு பாக்கறதுக்கு."

"எங்க ஊட்டுக்காரருகூட அப்டித்தான். துன்ன மாட்டாரு, ஆனா கொழம்புல இன்னா போட்டேன்னு கேப்பாரு."

வரிசை சிரித்தது. வேதாச்சலம் டப்பாவைத் திறந்து வெள்ளைத் துணிமேல் கொட்டினார். கோகுலகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார். "ஆனா இது நான் கேட்டது இல்லையே. இது நிக்கறது. இது எனக்கு வேற இடத்துலேருந்தே வருது."

குணா எட்டிப் பார்த்தான். ஆறும் நின்றுகொண்டிருந்தன. இரண்டு சிறகும் நேராக, ஜோடியாக. நைலான் தோல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. சிறகின் அடியில் ஊசிமுனை அளவுக்குப் பசை. அவ்வளவு சின்னதாகப் பசை வைக்கத் தெரிந்தவள் கொட்டகையில் ஒருத்திதான். அவன் திரும்பிப் பார்த்தான். ஷோபா கதவோர மேஜைக்குப் பின்னால் நின்றாள். பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவளின் முகம் அது. அவனுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவதற்கும் வழியில்லை. அவளுக்குத் தெரிந்த நல்லதிலேயே பெரிய நல்லது அது.

"இன்னாபா குணா" என்றார் வேதாச்சலம். "இதான் ஒரு மாசமா மூடி மூடிச் செஞ்சியா?"

"இல்ல சார். வேற ஒண்ணு கட்டித் தரேன். சாரு டீ குடிச்சி முடிக்கட்டும்."

"நான் இருட்டறதுக்குள்ள சித்தூரைத் தாண்டணும்" என்றார் கோகுலகிருஷ்ணன். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குணா முள்ளை வைஸில் கடிக்க வைத்தான். நூல். பாக்கெட்டிலிருந்து எடுத்த நைலான் பிசிறு. உடம்புக்குச் சாம்பல் பஞ்சு, அதுவும் கொஞ்சம். சிறகுக்கு இரண்டு இறகு. ஒன்றை நிமிர்த்தினான், இன்னொன்றைச் சாய்த்து அங்கேயே விட்டான். கழுத்து இறகை இரண்டே சுற்று. முடிச்சு. ஏஜெண்டின் டம்ளரில் பாதி டீ மிச்சம் இருந்தது. குணா பூச்சியைத் தொட்டியில் போட்டான். பக்கத்திலேயே நிற்கிறதில் ஒன்றை எடுத்துப் போட்டான்.

கோகுலகிருஷ்ணன் கன்னம் மேஜையில் படுகிற அளவுக்குக் குனிந்து, கண்ணாடி வழியாகக் கீழேயிருந்து மேலே பார்த்தார். வேதாச்சலத்தையும் பார்க்கச் சொன்னார். கீழேயிருந்து பார்த்தால் நிற்கிற பூச்சிக்கு உடம்பே இல்லை. தண்ணீரின்மேல் நாலைந்து பள்ளப்புள்ளிகள், அவ்வளவுதான். மாட்டினது தண்ணீரைத் துளைத்துக்கொண்டு தொங்கியது. வால், வயிறு, விழுந்த சிறகு, எல்லாம் உள்ளே இருந்தன. எதையும் மறைக்க முடியாத நிலையில் இருந்தது.

"இதான்" என்றார் கோகுலகிருஷ்ணன். "இதைத்தான் கேட்டேன். இந்தத் தோல் எதுல பண்ணீங்க? சரி, சொல்ல வேண்டாம்."

குணாவுக்குக் காது சூடாயிற்று. திங்கட்கிழமை வேன் அவன் இல்லாமல் போவது தெரிந்தது.

கோகுலகிருஷ்ணன் நிமிர்ந்து மொட்டைத் தலையைத் தடவினார். "ஒண்ணு நீங்க கட்டிட்டீங்க. எனக்கு மூட்டை மூட்டையா வேணும். அதை யாரு பார்த்து அனுப்பறது? போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது."

"ஷோபா இருக்குது சார்" என்றார் வேதாச்சலம். "இப்ப நல்லா பாக்குது. அவ கண்ணுக்குத் தப்பாது."

"கூப்பிடுங்க."

ஷோபா வந்தாள். கோகுலகிருஷ்ணன் மாட்டினதைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துணியில் ஒற்றி, மற்றவற்றோடு கலந்து வரிசையாக வைத்தார். "இதுல நீங்க எதைத் தள்ளுவீங்கம்மா?"

ஒரு வார்த்தை போதும். 'அக்கா, ஆர்டரே அதான்' என்றால் முடிந்துவிடும். ஷோபா கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டால் மேஜை அவளுடையதுதான், கூட நின்று பார்ப்பாள், வரிசைக்குச் சொல்லித் தருவாள், அடுத்த மாதம் வரிசை முழுக்கக் கட்டும். மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆள் அப்புறம் தேவையா என்று வேதாச்சலம் யோசிப்பார். இவ்வளவும் குணாவுக்கு ஒரே மூச்சில் ஓடியது. அவன் காலி வைஸின் திருகை முடுக்கினான். தளர்த்தினான். திரும்ப முடுக்கினான்.

ஷோபா தயங்கவே இல்லை. மாட்டினதை இரண்டு விரலால் எடுத்துத் தனியே வைத்தாள். "இது சார். வாலு தொங்குது, ஒரு ரெக்கை உழுந்துகினு இருக்குது. நேத்து ஆறும் இப்டித்தான் இருந்துச்சி. பையனுக்குக் கை நடுங்கிடுச்சிபோல. நான்தான் சரி பண்ணி வச்சேன். சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

வரிசையில் ஒரு கை நின்றது. பிறகு எல்லாக் கையும் நின்றன.

"அவங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார் கோகுலகிருஷ்ணன்.

வேதாச்சலம் குணாவைப் பார்த்தார். குணா வைஸைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

கோகுலகிருஷ்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கு வேலை ஆக வேண்டும். ஆர்டரைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, சரக்கு பார்க்கிற ஆள் இந்தப் பூச்சியைப் புரிந்தவராக இருக்க வேண்டும். ஷோபா போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள். கார் போன புழுதி உள்ளே வருவதற்குள் பூட்டினாள்.

வேதாச்சலம் தொண்டையைச் செருமினார். "பர்வாலேது, ஷோபா. ஒண்ணும் ஆயிடல. குணா இந்த மேஜைக்கு வரட்டும். நீ வரிசைல ஒக்காந்து கட்டு. ஒங்கையி நல்ல கையி."

"கட்டறேன் சார். இந்தக் கெட்டுப்போனத கட்டச் சொல்லுவீங்க. பக்கத்துல இருக்கறவ அதப் பாத்துக்கினு சும்மா இருக்கணும். அது எனக்கு வராது."

"அது கெட்டுப்போனது இல்லக்கா" என்றான் குணா. அன்றைக்கு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. "ஆர்டரே அப்டித்தான். நான் சொல்லித் தரேன்."

"இன்னா சொல்லித் தருவே? ஒரு மாசமா கர்ச்சீப் போட்டு மூடி வச்சிக்கினு இருந்தியே, அத்தயா?"

ஜெயம்மாகூடச் சிரிக்கவில்லை.

ஷோபா மேஜைக்குக் கீழே இருந்த பையை எடுத்தாள். டிபன்பாக்ஸை உள்ளே வைத்தாள். பசை டப்பாவின் மூடியை இறுக்கி, துணியை மடித்து, அடுத்து வருகிறவனுக்கு மேஜையை ஒழுங்கு செய்துவைத்தாள். கோபத்தில் செய்கிற மாதிரியே இல்லை.

"இப்பவேவாடி?" என்றாள் ஜெயம்மா. "சோறு துன்னுட்டாவது போ."

"கோயில் வாசல்ல சாயங்கால மாலைக்கு ஆளு இல்லன்னு நேத்துகூடக் கூப்ட்டாங்க. அங்க போயித் துன்னுக்கறேன்."

போகிற வழியில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒதுக்கிவைத்த பூச்சியை எடுத்து, தானே தண்ணீரில் போட்டாள். குனிந்தாள். ஏஜெண்ட் பார்த்த மாதிரி, கீழேயிருந்து மேலே பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"இதத்தான் துன்னுமா?"

"ஆமாக்கா."

"நல்லா நிக்கறத உட்டுட்டு?"

"அது பறந்துடும். இதுதான் லேசு."

"தப்பு இல்ல" என்றாள் ஷோபா. "அதுக்கும் வயிறு இருக்குதில்ல."

கதவுப் பூட்டைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். சரட்டிலிருந்து சாவியைக் கழற்ற நேரமாயிற்று. முடிச்சு இறுகியிருந்தது. அவளுடைய முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியை மேஜைமேல் வைக்காமல் குணாவின் உள்ளங்கையில் வைத்தாள். அது சூடாக இருந்தது.

"ஒங்க நைனாகிட்டச் சொல்லு, மாசச் சம்பளம்னு."

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே போனாள். ரோட்டில் ஒரு லாரி போயிற்று. காற்று உள்ளே பாய்ந்து, மேஜைமேல் இருந்த சாம்பல் இறகெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. வரிசை முழுக்க அவரவர் இறகைக் கையால் மூடிக்கொண்டார்கள். அவள் வெயிலில் நின்று, ஒரு கையைத் தூக்கி ஷேர் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"குணா" என்றார் வேதாச்சலம். "கதவு."

கதவோர மேஜைக்காரன் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, சாவி போட்டுப் பூட்டினான்.